பெட்ரோலுக்குள் எரிசாராயம்

எத்தனால் என்பது சாராயமேதான். கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு, கரும்புச் சாறு, மக்காச்சோளம், நொய்யரிசி என இனிப்போ மாவுச்சத்தோ உள்ள எதையும் ஈஸ்ட் கொண்டு புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்தால் அது கிடைக்கும். மதுபானத்தில் போதை தருவதும் சானிடைசரில் கிருமியைக் கொல்வதும் இதே திரவம். பெட்ரோலில் கலப்பதற்கு மட்டும் அது இன்னொரு படி பக்குவப்பட வேண்டும். எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் எரிசாராயம் 96 சதவீதத் தூய்மையைத் தாண்டுவதில்லை. மிச்சமுள்ள நீர் சாராயத்தோடு சேர்ந்தே ஆவியாகி, சேர்ந்தே குளிர்கிறது. அந்த நீரை ஜியோலைட் எனும் நுண்துளைப் பொருளைக் கொண்டு உறிஞ்சி எடுத்து, 99.5 சதவீதத்துக்கு மேல் கொண்டுசென்ற பிறகே அது எண்ணெய்க் கிடங்குகளுக்குப் போகிறது.

இந்தியப் பெட்ரோல் பங்குகளில் இன்று சாதாரணமாகக் கிடைக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு வரை இந்தத் திரவம்தான். காற்றுக்கு நல்லது என்கிறது அரசு. வண்டிக்கு ஆகாது என்கிறார்கள் பல வாகன ஓட்டிகள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. எவ்வளவு கலந்தது, எந்த வண்டியில் ஊற்றியது, எதிலிருந்து வடித்தது என்று கேட்காதவரை இரண்டுமே பாதி உண்மைதான். எத்தனால் பெட்ரோலுக்குச் சேர்மானமாக இருக்கும்வரை அதன் வரவு செலவு ஒரு விதம். பெட்ரோலின் இடத்தைப் பிடிக்கும் எரிபொருளாக வளரும்போது வேறு விதம்.

சேர்மானமாக அதன் முதல் தகுதி, இன்ஜினில் ‘நாக்கிங்’ வராமல் தடுப்பது. காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியை பிஸ்டன் அழுத்திக்கொண்டு வர, உரிய கணத்தில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டி அதைப் பற்றவைக்கிறது. தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவ வேண்டும். அதற்குள் மூலையில் கிடக்கும் கலவை அழுத்தத்தின் சூட்டில் தானாகவே வெடித்துவிட்டால், பிஸ்டன் தலையில் சுத்தியல் விழுந்ததுபோல் ஓசை எழும். பாரத்தோடு மேடேறும் வண்டி இப்படித் தட்டுவதை அனுபவமுள்ள மெக்கானிக் தெருமுனையிலேயே காதால் பிடித்துவிடுவார். எரிபொருள் இந்த அகால வெடிப்பை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வதே ஆக்டேன் எண். பாரத் ஸ்டேஜ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி சாதாரண பெட்ரோலுக்கு அது குறைந்தது 91. எத்தனாலுக்கு ஏறத்தாழ 109. அதோடு, எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிரவும் வைக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த ‘இ20’ பெட்ரோலின் ஆக்டேன் 95 என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025-இல் தெரிவித்தது.

இந்தக் குணம் நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தும் அதை ஒதுக்கியதால் உலகம் கொடுத்த விலைதான், எத்தனாலின் நன்மைக்கு மிக வலுவான சாட்சி.

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் சார்லஸ் கெட்டரிங்கும் தாமஸ் மிட்ஜ்லியும் நாக்கிங்குக்கு மருந்து தேடினார்கள். ஆல்கஹால் கலந்தால் தட்டல் நிற்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால், ஆல்கஹால் நிறையக் கலக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் வடிக்கலாம். காப்புரிமை வாங்கிக் காசாக்க வழியில்லை. 1921 டிசம்பர் 9 அன்று டேட்டன் நகரில் மிட்ஜ்லி இன்னொரு பொருளைக் கண்டார்: டெட்ராஎத்தில் லெட் எனும் ஈயச் சேர்மம். ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சில கிராம் போதும். ‘எத்தில்’ என்ற பெயரில் 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. பெயரில் ஈயம் என்ற சொல்லையே காணோம். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் பித்துப்பிடித்தவர்கள்போலாகி ஐந்து பேர் இறந்தார்கள். ஆபத்தில்லை என்று காட்ட மிட்ஜ்லி செய்தியாளர்கள் முன்னிலையில் அந்தத் திரவத்தில் கையைக் கழுவினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரே ஈய நச்சு ஏறி ஓய்வெடுத்துத் திரும்பியிருந்தார்.

அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் உலகின் தெருக்களில் ஈயம் புகையாகப் படிந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது என்பது ஐயமற நிறுவப்பட்ட பிறகும் விலக்கக் காலம் பிடித்தது. இந்தியாவில் 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. நாடு முழுவதும் ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல். மிட்ஜ்லி கண்டுபிடித்துச் சரியாக நூறாண்டுகள்.

ஈயம் போனதும் ஆக்டேன் குறையுமே, அதை எதைக் கொண்டு நிரப்புவது? சுத்திகரிப்பு ஆலைகள் முதலில் கைவைத்தது பென்சீன், டொலுவீன், சைலீன் போன்ற அரோமாட்டிக் சேர்மங்களில். ஆக்டேன் ஏறியது, ஆனால் பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது. டொலுவீனும் சைலீனும் முழுதாக எரியாமல் வெளியேறினால் காற்றில் மாற்றமடைந்து நுண்துகளாகின்றன. ஆகவேதான் பாரத் ஸ்டேஜ்-6 பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கும் மொத்த அரோமாட்டிக் 35 சதவீதத்துக்கும் மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டப்பட்டுள்ளது.

அமெரிக்காவில் இன்னொரு சோதனையும் நடந்தது. 1990-இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம், புகைமூட்டம் மிகுந்த நகரங்களில் விற்கும் பெட்ரோலில் ஆக்சிஜன் உள்ள ஒரு பொருளைச் சேர்க்கச் சொன்னது. மலிவாகக் கிடைத்த எம்டிபிஇ என்ற ஈதரை எண்ணெய் நிறுவனங்கள் தேர்ந்தெடுத்தன. காற்று மேம்பட்டது, நிலத்தடி நீர் கெட்டது. நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்த எம்டிபிஇ நீரில் எளிதாகக் கரைந்து வெகுதூரம் பரவியது. மிகச் சிறிய அளவிலேயே நீரில் டர்பன்டைன் போன்ற வாடை வீசும். 1996-இல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகளில் பெரும்பகுதியை மூட நேர்ந்தது. 1999-இல் அம்மாநில ஆளுநர் கிரே டேவிஸ் எம்டிபிஇ-யைப் படிப்படியாக விலக்க உத்தரவிட்டார். அந்த இடத்தை நிரப்பியது எத்தனால். அது கசிந்தாலும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சில நாள்களில் தின்றுவிடும். இன்று அமெரிக்காவில் விற்கும் பெட்ரோல் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 10 சதவீத எத்தனால் இருக்கிறது.

ஈயம், அரோமாட்டிக், எம்டிபிஇ என்று வரிசையாக நிறுத்திப் பார்த்தால், நாக்கிங்கைத் தடுக்கும் வேலையைச் செய்தவற்றுள் மனிதருக்கு ஆகக் குறைந்த கெடுதல் செய்வது எத்தனால்தான். அதைப் பற்றிய பிற வாதங்கள் எப்படிப் போனாலும் இந்த இடம் அசையாது.

இரண்டாவது தகுதி, அதனுள் இருக்கும் ஆக்சிஜன். பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. எரிவதற்கான ஆக்சிஜன் முழுவதும் காற்றிலிருந்து வர வேண்டும். எத்தனாலின் எடையிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சுமார் 35 சதவீதம், ஆக்சிஜன். ஈர விறகு புகைவதற்கும் காய்ந்த விறகு காற்றோட்டத்தில் எரிவதற்கும் உள்ள வேறுபாட்டைப் போல, ஆக்சிஜன் கூடக் கூட எரிப்பு முழுமையடைகிறது. அரைகுறை எரிப்பில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடும், எரியாமல் தப்பும் ஹைட்ரோகார்பனும் குறைகின்றன. நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கை, இ20 ஊற்றிய இருசக்கர வாகனங்களில் கார்பன் மோனாக்சைடு பாதியளவும், நான்கு சக்கர வாகனங்களில் 30 சதவீதமும் குறைந்ததாகச் சொல்கிறது. ஹைட்ரோகார்பன் குறைவு 20 சதவீதம். நைட்ரஜன் ஆக்சைடுகளில் மட்டும் தெளிவான போக்கு எதுவும் தென்படவில்லை.

இந்த எண்களைப் படிக்கும்போது வண்டியின் வயதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கார்பரேட்டர் வைத்த பழைய ஸ்கூட்டருக்குக் காற்று, பெட்ரோல் விகிதத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளத் தெரியாது. எத்தனால் கொண்டுவரும் ஆக்சிஜன் அங்கே நேரடியாக வேலை செய்யும். 2020-க்குப் பிறகு வந்த வண்டிகளில் புகைக்குழாயில் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. ஆக்சிஜன் மிகுந்தால் அது கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கச் சொல்லி விகிதத்தைப் பழையபடி கொண்டுவந்துவிடும். மிஞ்சும் நச்சையும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பார்த்துக்கொள்ளும். புது வண்டிகளில் கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் எத்தனால் கூடுதலாகச் செய்ய அதிகமில்லை. எத்தனாலால் காற்றுக்கு மிகுந்த நன்மை தரும் பழைய வண்டிகளே எத்தனாலால் மிகுந்த தொல்லைக்கும் ஆளாகின்றன. இந்தத் திட்டத்தின் ஆகப் பெரிய முரண் இதுதான்.

புது வண்டிகளில் எஞ்சி நிற்கும் ஆதாயம் நுண்துகளில் இருக்கிறது. புகைக்கரியை உண்டாக்குவதில் முன்னிற்பவை அரோமாட்டிக் சேர்மங்கள். எத்தனால் கலக்கக் கலக்க அவற்றின் பங்கு நீர்த்துப்போகிறது. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் இதை ஒரு மாபெரும் ஆய்வுக்கூடம்போலக் காட்டியது. அங்கே எத்தனாலிலும் பெட்ரோலிலும் ஓடும் கார்கள் லட்சக்கணக்கில் உண்டு. 2009-க்கும் 2011-க்கும் இடையே எத்தனால் விலை ஏறியபோது ஓட்டுநர்கள் கூட்டமாகப் பெட்ரோலுக்கு மாறினார்கள். அப்போது காற்றில் மீநுண் துகள்கள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடியதை ஓர் ஆய்வு கண்டது. அதே மாற்றத்தின்போது தரைமட்ட ஓசோன் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்ததையும், 2014-இல் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. அதாவது அந்த நகரத்தில் எத்தனால் துகளைக் குறைத்தது, ஓசோனைக் கூட்டியது. ஓசோன் எப்படி உருவாகும் என்பது ஒவ்வொரு நகரத்தின் வெயிலையும், காற்றில் ஏற்கெனவே உள்ள நைட்ரஜன் ஆக்சைடு அளவையும் பொறுத்தது. சாவ் பாவ்லோ முடிவைச் சென்னைக்கோ டெல்லிக்கோ அப்படியே பெயர்த்துவைக்க முடியாது.

எத்தனால் புகையில் தனக்கென்று ஒரு குறையும் வைத்திருக்கிறது: அசிட்டால்டிஹைடு. கண்ணை உறுத்தும் இந்த வாயு எத்தனால் கலந்த பெட்ரோலில் கூடுகிறது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் சூடேறிய பின் அதன் பெரும்பகுதி அழிந்துவிடும். வண்டி கிளம்பிய முதல் சில நிமிடங்கள்தான் கவலைக்குரியவை. ஆவியாதலிலும் ஒரு விசித்திரம் உண்டு. தனி எத்தனால் பெட்ரோலைவிட மெதுவாக ஆவியாகும். ஆனால் 5 முதல் 10 சதவீதம் பெட்ரோலில் கலந்தால் கலவையின் ஆவியழுத்தம் இரண்டையும்விட மேலே போய்விடும். அளவு இன்னும் கூடும்போது மெல்ல இறங்கும். வெயிலில் நிறுத்திய வண்டியின் டேங்கிலிருந்து தப்பும் ஆவியும் ஓசோனுக்கு மூலப்பொருள் என்பதால், அடிப்படை பெட்ரோலையே ஆவி குறைந்ததாகத் தயாரிக்க வேண்டியிருக்கிறது.

இனி மைலேஜ். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் 21. மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீதக் கலப்பில் ஆற்றல் ஏறத்தாழ 3.5 சதவீதமும், 20 சதவீதக் கலப்பில் 7 சதவீதமும் குறையும். இது வெறும் பெருக்கல் கணக்கு. எத்தனாலின் உயர்ந்த ஆக்டேனைப் பயன்படுத்தும் இன்ஜின் இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டுவிடும். அழுத்த விகிதத்தைக் கூட்டினால் அதே ஆற்றலில் அதிக தூரம் ஓடலாம். பழைய இன்ஜினின் அழுத்த விகிதம் ஆலையிலேயே முடிவானது. அதற்கு 95 ஆக்டேன் ஊற்றினாலும் பயன்படுத்திக்கொள்ளத் தெரியாது. நிதி ஆயோக் அறிக்கையே இதை ஒப்புக்கொள்கிறது: இ20 ஊற்றினால், எத்தனாலில்லா பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்குச் சீரமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம், இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம், இ10-க்காக வடிவமைத்து இ20-க்குச் சீரமைத்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் மைலேஜ் குறையும். மைலேஜ் பாதியாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் புலம்பல் இயற்பியலுக்கு ஒவ்வாது. மைலேஜ் குறையவே இல்லை என்று யாராவது சாதித்தால் அதுவும் ஒவ்வாது.

நீர், எத்தனாலின் நிரந்தர நண்பன். காற்றில் உள்ள ஈரத்தையே அது உறிஞ்சும். வெறும் பெட்ரோலில் நீர் புகுந்தால் தொட்டியின் அடியில் தனியே தங்கும். பங்க் ஊழியர் அளவுகோலில் பசை தடவி இறக்கினால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் சிறிதளவு நீரைத் தன்னுள் கரைத்து மறைத்துக்கொள்ளும். வரம்பு தாண்டினால் எத்தனாலின் பெரும்பகுதி பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். 10 சதவீதக் கலப்பில் அந்த வரம்பு ஏறத்தாழ அரை சதவீத நீர். அடியில் உள்ளதை உறிஞ்சும் வண்டி சிறிது தூரத்தில் நின்றுவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலும் ஆக்டேன் இழந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடித் தொட்டியின் மூடி வழியே கசியும் சில குடம் நீர் இப்படி ஒரு தொட்டிச் சரக்கையே கெடுக்கக்கூடும். எத்தனாலுக்கு மாறிய பங்குகளுக்குத் தொட்டிப் பராமரிப்பு முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

சில வகை ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும். பழைய கார்பரேட்டரின் துத்தநாகக் கலவை அரிக்கும். டேங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்த பிசினை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் குழாய்களும் வாஷர்களும் இ20-ஐத் தாங்கக்கூடியவை. அதற்கு முந்தையவற்றில் சில ரப்பர் பாகங்களை முன்கூட்டியே மாற்ற வேண்டிவரலாம் என்பதை அமைச்சகமும் மறுக்கவில்லை. செலவு பெரிதில்லைதான். ஆனால், நாட்டின் வாகனங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருசக்கர வாகனங்கள். அவற்றில் பெரும்பகுதி பழையவை. செலவு விழுவது அவற்றை ஓட்டுபவர்களின் பையில்.

எத்தனாலை எரிபொருளாகவே ஆக்கிக் காட்டிய நாடு பிரேசில். 1973-இல் எண்ணெய் விலை நான்கு மடங்கானபோது தன் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துகொண்டிருந்த அந்நாடு, 1975-இல் அதிபர் எர்னெஸ்டோ கெய்சலின் ராணுவ ஆட்சிக் காலத்தில் ‘புரோஆல்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. முழு எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 கார் 1979-இல் வந்தது. எண்பதுகளின் நடுவில் விற்ற புதிய கார்களில் மிகப் பெரும்பாலானவை எத்தனால் கார்கள். பிறகு சறுக்கல். 1989-இல் உலகச் சந்தையில் சர்க்கரைக்கு நல்ல விலை கிடைக்கவே ஆலைகள் கரும்பைச் சர்க்கரைப் பக்கம் திருப்பின. எத்தனால் பங்குகளில் வரிசை நீண்டது. நம்பி வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் எத்தனால் கார் விற்பனை அடியோடு படுத்தது. மக்களின் நம்பிக்கை திரும்பியது 2003-இல், எந்த விகிதத்திலும் ஓடும் ‘ஃபிளெக்ஸ்’ கார் வந்த பின்தான். அதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல. பங்கில் பெட்ரோலும் எத்தனாலும் தனித்தனி விலையோடு இருக்கின்றன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல் என்று சாதாரண ஓட்டுநரும் மனக்கணக்குப் போட்டுக்கொள்கிறார். அங்கே பெட்ரோல் என்று விற்பதிலும் 2025 ஆகஸ்ட் முதல் 30 சதவீத எத்தனால் உண்டு.

இந்தியாவுக்கும் இது புதிதல்ல. பவர் ஆல்கஹால் சட்டம் 1948-லேயே வந்தது. பெரிதாக ஒன்றும் நடக்காமல் 2000-இல் நீக்கப்பட்டது. 2003 ஜனவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கியது. மறு ஆண்டே வறட்சியால் கரும்பு குறைந்து, கலப்பைக் கட்டாயமில்லை என்று சொல்ல நேர்ந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2013-14-இலும் நாடு தழுவிய கலப்பு 1.5 சதவீதம்தான். மதுபான ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் கழிவுப்பாகுக்குப் போட்டியிட்டன. எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த விலை கட்டுபடியாகவில்லை. கழிவுப்பாகு, சாறு, தானியம் என்று மூலப்பொருளுக்கு ஏற்பத் தனித்தனி விலை நிர்ணயித்ததும், 2018-இல் ஜிஎஸ்டியை 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்ததும், வடிசாலைகளுக்கு வட்டிச் சலுகையோடு கடன் கொடுத்ததும் சக்கரத்தைச் சுழலவைத்தன. 2022 ஜூனில் 10 சதவீதம். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் இ20 அறிமுகம். முதலில் 2030-க்கு வைத்த 20 சதவீத இலக்கை 2025-இல் நாடு தொட்டது. அரசுத் திட்டம் ஒன்று கெடுவுக்கு ஐந்தாண்டு முன்னதாக முடிவது இந்நாட்டில் அடிக்கடி நடப்பதில்லை.

இந்த வேகத்தில்தான் சேர்மானம் எரிபொருளாக மாறியது. 20 சதவீதக் கலப்புக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி லிட்டர் எத்தனால் வேண்டும். ஒரு டன் கரும்பின் கடைசிக் கழிவுப்பாகிலிருந்து கிடைப்பதோ 10, 11 லிட்டர். உணவுக்குப் பெரிதாக உதவாத அந்தப் பாகு எவ்வளவு திரண்டாலும் இந்தத் தேவைக்குப் போதாது. சாற்றையே புளிக்கவைத்தால் டன்னுக்கு 70 லிட்டர் கிடைக்கும். ஆனால் அது சர்க்கரையாக வேண்டிய சாறு. 2023 டிசம்பரில் சர்க்கரை உற்பத்தி சரியும் என்று அஞ்சிய மத்திய அரசு சாறு எத்தனாலுக்குத் திடீரென்று கடிவாளம் போட்டது. பிறகு தளர்த்தியது. 1989-இல் பிரேசிலில் சந்தை செய்ததை இங்கே அரசாணை செய்தது.

கரும்பு தராத மிச்சத்தை மக்காச்சோளம் தருகிறது. ஒரு டன்னுக்குச் சுமார் 380 லிட்டர். சில ஆண்டுகளுக்கு முன் எத்தனாலோடு தொடர்பே இல்லாதிருந்த இந்தப் பயிர் இன்று அதன் முதன்மை மூலப்பொருள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மானாவாரி விவசாயிக்கு இதனால் விலை நிமிர்ந்தது. இது உண்மையான ஆதாயம். அதே மக்காச்சோளம்தான் நாமக்கல் கோழிப் பண்ணைகளின் முதன்மைத் தீவனம். முட்டையின் அடக்க விலையில் பெரும்பகுதி தீவனச் செலவு என்பதால் பண்ணையாளர்களின் கணக்கு தடுமாறியது. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, 2024-இல் ஏற்றுமதியைவிட அதிகமாக இறக்குமதி செய்தது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போய்த் தீவனம் இறக்குமதி செய்வது எவ்வளவு தூரம் தாங்கும் என்ற கேள்வி அதோடு எழுந்துவிட்டது. வடித்தபின் மிஞ்சும் சக்கையை உலர்த்தித் தீவனமாக விற்கிறார்கள், புரதம் மிகுந்தது. ஆனால் பூஞ்சை நச்சு இருந்தால் அதுவும் சக்கையில் செறிந்துவிடும் என்பதால் பண்ணைகள் அதை அளந்துதான் சேர்க்கின்றன.

தண்ணீர்க் கணக்கு இன்னும் கடினமானது. கரும்பு வழியே ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க வயலுக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் பாய்கிறது என்று நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிடுகிறது. பிரேசிலின் கரும்பு பெரும்பாலும் மழையில் விளைவது. இந்தியக் கரும்பு வாய்க்காலிலும் போர்வெல்லிலும் விளைவது. ‘பிரேசிலைப் பாருங்கள்’ என்று சொல்பவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைப் பெரும்பாலும் சொல்வதில்லை. வடிசாலைக் கழிவுநீரும் உண்டு. கழிவுப்பாகிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் வடித்தால் பத்து லிட்டருக்குக் குறையாமல் கரும்பழுப்புக் கழிவு மிஞ்சும். அதைச் சுண்டவைத்து எரித்து, சொட்டு வெளியேறாமல் பார்த்துக்கொள்வது விதி. அது மீறப்படுகிறது என்ற சந்தேகம் எழுந்தால் என்னாகும் என்பதைப் பஞ்சாபின் ஜீரா பகுதி காட்டியது. 2022-இல் நிலத்தடி நீர் கெடுவதாகச் சொல்லி ஊர் மக்கள் மாதக்கணக்கில் போராடியதை அடுத்து, அங்கிருந்த வடிசாலையை மூட 2023 ஜனவரியில் மாநில அரசு உத்தரவிட்டது.

புவி வெப்பமாதல் பக்கம் வந்தால், எத்தனால் எரியும்போது வெளிவரும் கரியமில வாயு, அந்தப் பயிர் வளர்ந்தபோது காற்றிலிருந்து இழுத்துக்கொண்டதுதான். அதனால் கணக்கு நேராகிவிடுகிறது என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் உரம், டிராக்டர் டீசல், வடிசாலை கொதிகலன் ஆகியவை விட்டுப்போகும். கரும்பாலைக்கு ஒரு இயற்கை வசதி உண்டு: சக்கையை எரித்தே ஆலையை ஓட்டலாம். அதனால்தான் பெட்ரோலோடு ஒப்பிட்டால் கரும்பு எத்தனாலில் 65 சதவீதமும் மக்காச்சோள எத்தனாலில் 50 சதவீதமும் உமிழ்வு குறைவு என்று நிதி ஆயோக் ஆய்வை மேற்கோள் காட்டி அரசு சொல்கிறது. தானிய வடிசாலை நிலக்கரியை எரித்தால் ஆதாயம் சுருங்கும். காட்டையோ புல்வெளியையோ உழுது மக்காச்சோளம் போட்டால் மண்ணிலிருந்த கார்பனும் கிளம்பிவிடும். அமெரிக்க மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிட 40 சதவீதத்துக்கு மேல் தூய்மையானது என்று ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் கணக்கு சொல்ல, பெட்ரோலைவிடக் குறைந்ததே இல்லை, 24 சதவீதம் கூடுதலாகவே இருக்கலாம் என்று 2022-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் வந்த ஓர் ஆய்வு சொன்னது. இரு தரப்பும் மோதுவது இன்ஜினைப் பற்றியல்ல. புதிதாக உழப்பட்ட நிலத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதைப் பற்றி.

பணக் கணக்கில் அரசின் கை ஓங்கியிருக்கிறது. 2014-15 தொடங்கி 2025 ஜூலை வரை ரூ.1.44 லட்சம் கோடிக்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்று பெட்ரோலிய அமைச்சகம் தெரிவித்தது. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாட்டுக்கு இது சிறிய தொகையல்ல. நுகர்வோருக்கு அதில் பங்கு வந்ததா என்பது தனிக் கேள்வி. போக்குவரத்து, வரி உள்படச் சராசரிக் கொள்முதல் விலை 2024-25 எத்தனால் கொள்முதல் ஆண்டில் லிட்டருக்கு ரூ.71.32, சுத்திகரிக்கப்பட்ட பெட்ரோலின் வரிக்கு முந்தைய விலையைவிட இது அதிகம் என்று அமைச்சகமே விளக்கியது. ஆக, விலை குறையாததற்குக் காரணம் உண்டு. ஆனால் லிட்டருக்கு ஆற்றல் குறைந்த ஒன்றை அதே லிட்டர் விலையில், எவ்வளவு கலந்திருக்கிறது என்று பளிச்சென்று எழுதாமல், வேறு தெரிவும் வைக்காமல் விற்பதற்கு அது காரணமாகாது. எத்தனாலில்லா பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. சட்டப்படி விவாதம் அங்கே முடிந்தது. பிரேசில் ஓட்டுநர் பங்கில் நின்று போடும் மனக்கணக்கைப் போட இந்திய ஓட்டுநருக்கு இன்னும் எண்கள் தரப்படவில்லை.

10 சதவீதம் வரையிலான கலப்பில் ஆக்டேன், ஆக்சிஜன் என்ற இரண்டு ஆதாயங்களும் கணிசமாகக் கைக்கு வந்துவிடுகின்றன. பழைய வண்டிகளும் பெரிதாக முரண்டுபிடிப்பதில்லை. மூலப்பொருளுக்குக் கழிவுப்பாகையும் வீணாகும் தானியத்தையும் கொண்டே பெருமளவு சமாளிக்கலாம். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் காற்றைவிடச் செலாவணியும் விவசாயி வருமானமுமே காரணங்கள். அவையும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அவற்றைத் தூய காற்றின் பெயரில் விற்கும்போதுதான் சந்தேகம் முளைக்கிறது.

20-ஐத் தாண்டிப் போவதானால் உணவாகாத பொருளிலிருந்து எத்தனால் எடுக்க வேண்டும். வைக்கோல், மூங்கில் போன்றவற்றின் நாரை நொதிகளால் சர்க்கரையாக உடைத்து வடிப்பது ‘இரண்டாம் தலைமுறை’ முறை. வயலிலேயே கொளுத்தப்பட்டு டெல்லியை மூச்சுத்திணற வைக்கும் நெல் தாளுக்கு இதைவிட நல்ல கதி இருக்க முடியாது. ஹரியாணாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் சுமார் ரூ.900 கோடியில் கட்டிய ஆலை 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அசாமின் நுமாலிகரில் மூங்கில் ஆலை 2025 செப்டம்பரில். பானிபட் ஆலை முழுத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் தரும். நாட்டின் ஓராண்டுத் தேவையில் அது ஒரு நாள் பயன்பாட்டுக்குச் சற்றே அதிகம்.